புறா வளர்க்கிறீர்களா? – வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நரம்பும் நுரையீரலும்தான் அதிகம். சர்க்கரை, முழங்கால் வலி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "நாலு டாக்டரைப் பார்த்தாச்சு, என்ன நோய் என்றே தெரியவில்லை."

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. நீண்ட நாளாக வறட்டு இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளியில் கிருமி தெரியாவிட்டாலும் எக்ஸ்ரேயைப் பார்த்து ஆறு மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள், பலனில்லை. இப்போது சி.டி. எடுத்துப் பார்த்த புது டாக்டர், "ஐ.எல்.டி. மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, வீட்டில் புறா இருக்கிறதா, ஏர் கூலர் இருக்கிறதா, தலையணையில் என்ன பஞ்சு என்று வெகுநேரம் விசாரித்தார். மருந்து எழுதாமல் இந்த விசாரணை எல்லாம் எதற்கு டாக்டர்?
– வாசகி, கரூர்

அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள் அம்மா. அவர் கேட்டதுதான் பரிசோதனை.

ஐ.எல்.டி. என்பது ஒரே ஒரு நோயின் பெயர் கிடையாது. நுரையீரலில் காற்றறைகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய திசு வீங்கி, தடித்து, தழும்பாகிப் போகிற நோய்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, அத்தனைக்கும் சேர்த்து வைத்த குடும்பப் பெயர் அது. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், செருப்பில் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிற மாதிரி 'சர்ர்' என்று அடிப்பகுதியில் கேட்கும். எக்ஸ்ரேயில் நிழல் நிழலாகத் தெரியும். நம் ஊரில் இருமலும் நிழலும் சேர்ந்தால் முதலில் டி.பி.தான் நினைவுக்கு வரும். அதில் தப்பும் சொல்ல முடியாது, டி.பி. அவ்வளவு அதிகம். ஆனால் சளியில் கிருமியும் இல்லை, மருந்துக்கும் அசையவில்லை என்றால் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும், ஆறு மாதம் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, புறாவுக்கு வருவோம். 2017-ல் இந்திய ஐ.எல்.டி. பதிவேட்டின் முடிவுகள் வெளிவந்தன. ஜெய்ப்பூரைச் சேர்ந்த டாக்டர் ஷீது சிங்கும் பல ஊர் நிபுணர்களும் சேர்ந்து செய்தது. 19 நகரங்கள், 27 மையங்கள், 1,084 நோயாளிகள். மேலைநாட்டுப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த நாங்கள் எல்லாம், காரணமே தெரியாமல் நுரையீரல் தழும்பாகிற ஐ.பி.எஃப். என்ற நோய்தான் முதலிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அது வெறும் 13.7 சதவீதம். 47.3 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருந்தது ஹைப்பர்சென்சிடிவிட்டி நிமோனைட்டிஸ். மூச்சில் போகிற பூஞ்சைத் தூள், பறவை எச்சத்தின் தூசு, இறகுத் துகள் போன்றவற்றுக்கு உடம்பு எதிர்ப்புக் காட்டிக் காட்டி நுரையீரல் புண்ணாகிப் போவது. அந்த நோய் வந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள்! ஏ.சி. இல்லை, தண்ணீர் ஊற்றுகிற கூலர். அதன் பக்கவாட்டில் இருக்கும் புல் திண்டு எப்போதும் ஈரமாகவே கிடக்கும், ஒரு கோடை முடிந்து மறு கோடையில் அதைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் படலமும் மக்கல் வாடையும் தெரியும். அதன் வழியாகத்தான் ராத்திரி முழுக்க முகத்துக்கு நேராகக் காற்று வருகிறது.

அதனால்தான் விசாரணை. புறா வளர்த்தால்தான் என்றில்லை, அடுக்குமாடி வீட்டில் பால்கனியில் ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் புறா கூடு கட்டியிருந்தாலும் போதும். பருத்திக் கொட்டை, வைக்கோல், மாவு மில், கோழிப்பண்ணை, ஒழுகும் சுவர் எல்லாவற்றையும் கேட்பார்கள். அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்பதோடு, பத்து வருடம் முன்பு எங்கே இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். ரத்தத்தில் புறாவுக்கான ஆன்டிபாடி பார்க்கச் சொன்னால் பாருங்கள், ஆனால் அது இருந்தால் புறாத் தூசு உள்ளே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம், நோய் அதனால்தான் என்று அது மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

பெயர் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? இரண்டும் தழும்புதானே, ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போமே என்று தோன்றும். பல வருடம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு, அசதயோப்ரின், அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பது அப்போதைய வழக்கம். அமெரிக்காவில் பேந்தர் என்ற ஆய்வில் அதைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள், அதிகம் பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2012-ல் முடிவு அச்சானது. அதே ஸ்டீராய்டு, புறாவாலோ கூலராலோ வந்த புண் இன்னும் தழும்பாகாமல் இருக்கும் கட்டத்தில் நன்றாகவே கேட்கும். ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம். படத்தில் பார்த்தால் இரண்டும் சில நேரம் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும்.

இதற்காகத்தான் நுரையீரல் டாக்டர், சி.டி. படிப்பவர், திசுவைப் பார்க்கிற நோய்க்குறியியல் டாக்டர், தேவைப்பட்டால் மூட்டுவாத நிபுணர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது வழக்கமாகியிருக்கிறது. தனித்தனியாக எழுதித் தருகிற மூன்று ரிப்போர்ட்டைவிட அந்த அரை மணி நேரப் பேச்சுக்கு மதிப்பு அதிகம். பயாப்ஸி எல்லோருக்கும் வேண்டியதில்லை. வேண்டுமென்றாலும், முன்பு மாதிரி நெஞ்சைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்பதில்லை, குழாய் வழியாகத் திசுவை உறையவைத்து எடுக்கிற கிரையோ பயாப்ஸி வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 65 பேருக்கு இரண்டு முறையிலும் எடுத்து ஒப்பிட்டு 2020-ல் வெளியிட்டார்கள், திசுவைப் பார்த்துச் சொன்ன முடிவு ஏறக்குறைய 71 சதவீதம் ஒத்துப்போனது. ரத்தக்கசிவு ஆபத்து அதிலும் உண்டு, பழக்கப்பட்ட கையாக இருக்க வேண்டும்.

முதல் வேலையாகக் கூலரை நிறுத்துங்கள். அம்மாவைக் கொஞ்ச நாள் வேறு வீட்டில் தங்கவைத்து இருமல் குறைகிறதா என்று கவனித்து, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. சிறு வயதிலிருந்து வலிப்பு, மாத்திரையில் இருக்கிறாள். முகத்தில் மூக்கைச் சுற்றி பரு மாதிரி இருக்கிறது, தோல் டாக்டர் கொடுத்த எந்தக் களிம்புக்கும் போகவில்லை. இப்போது நரம்பியல் டாக்டர் "டியூபரஸ் ஸ்கிலரோசிஸ்" என்று சொல்லி, நெஞ்சுக்கு சி.டி. எடுக்கச் சொல்கிறார். அவளுக்கு மூச்சுத் தொந்தரவே இல்லை சார். காசு பறிக்கிற வேலையா?
– ஒரு தந்தை, சேலம்

உங்கள் சந்தேகம் புரிகிறது. தலைக்கு வைத்தியம் பார்க்கப் போனால் நெஞ்சைப் படம் எடு என்றால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது சரி.

டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 என்று இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. செல்கள் கண்டபடி வளராமல் பிடித்துவைப்பது அவற்றின் வேலை. இவற்றில் ஒன்று பழுதானால் மூளையில் முடிச்சுகள் வந்து வலிப்பு, முகத்தில் பரு மாதிரி சிவந்த கட்டிகள் (அது பருவே இல்லை, அதனால்தான் களிம்புக்குப் போகவில்லை), முதுகிலோ காலிலோ இலை வடிவத்தில் வெளிறிய திட்டுகள், சிறுநீரகத்தில் கட்டி. இது வரைக்கும் பலருக்கும் தெரியும். பெண்களுக்கு மட்டும் பெரும்பாலும் வருகிற இன்னொன்று உண்டு, பெயர் லாம். நுரையீரல் முழுக்க மெல்லிய சுவருள்ள சின்னச் சின்ன நீர்க்குமிழி போன்ற காற்றறைகள் உருவாகும். முதலில் ஒன்றுமே தெரியாது. பிறகு ஒருநாள் திடீரென்று நெஞ்சு பிடித்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்துவிட்டது என்பார்கள். லாம் வந்த பெண்கள் ஆஸ்துமா என்றும், புகை பிடிக்காமலே எம்ஃபிசிமா (காற்றறைகள் சிதைகிற நோய்) என்றும் பெயர் வாங்கிக்கொண்டு அலைவது உலகம் முழுக்க நடக்கிற கதை. டியூபரஸ் ஸ்கிலரோசிஸ் உள்ள பெண்களுக்கு வயது ஏற ஏற இது கூடும், நாற்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோரின் சி.டி.யில் இந்தக் குமிழிகள் இருக்கும். அதனால் 18 வயதான பெண்களுக்கு மூச்சுத் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒரு தடவை சி.டி. எடுத்துவைக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை.

படத்தில் குமிழிகள் இருந்தால் அடுத்து? முன்பு பயாப்ஸிதான். இப்போது வி.இ.ஜி.எஃப்.-டி என்ற புரதத்தை ரத்தத்தில் அளக்கிறார்கள். சி.டி. பொருந்தி, அந்த அளவு மில்லிலிட்டருக்கு 800 பைகோகிராமுக்கு மேல் இருந்தால் லாம் என்று உறுதிசெய்துவிடலாம், கத்தி தேவையில்லை. உங்கள் மகளுக்கு டியூபரஸ் ஸ்கிலரோசிஸ் உறுதியாகிவிட்டால் குமிழிகளே போதும், அந்த ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம்.

மருந்தும் இருக்கிறது. சிரோலிமஸ். ஈஸ்டர் தீவிலிருந்து 1964-ல் கனடா நாட்டுக் குழு ஒன்று அள்ளிக்கொண்டு வந்த மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து, மான்ட்ரியாலில் வேலை பார்த்த சுரேந்திரநாத் சேகல் பிரித்தெடுத்தது. முதலில் பூஞ்சைக்கு மருந்தாகத்தான் பார்த்தார்கள், அப்புறம் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குப் பயன்பட்டது. டி.எஸ்.சி. மரபணுக்கள் எந்த வளர்ச்சிப் பாதையைப் பிடித்துவைக்கின்றனவோ அதே பாதையைத்தான் இந்த மருந்தும் அடைக்கிறது என்று தெரிந்த பிறகு, 89 லாம் நோயாளிகளைச் சேர்த்து, ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதையும் மற்றவர்களுக்குப் போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். மைல்ஸ் ஆய்வு, 2011. ஒரு வருடம் மருந்து சாப்பிட்டவர்களின் நுரையீரல் திறன் சரியாமல் நின்றது, மருந்தை நிறுத்தியதும் மறுபடி சரிய ஆரம்பித்தது. ஆக, முழுசாகக் குணப்படுத்துகிற மருந்து இல்லை, பிடித்துவைக்கிற மருந்து. மிக அபூர்வமான நோய்க்கு 89 பேரைச் சேர்த்ததே பெரிய காரியம். அதற்குப் பின்னால், மகளுக்கு லாம் வந்த ஒரு தாய் 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய லாம் ஃபவுண்டேஷனின் உழைப்பும் இருக்கிறது.

ஒரு விஷயம் கட்டாயம். கருத்தடை மாத்திரையோ மாதவிடாயைச் சீராக்குகிற மாத்திரையோ யாராவது எழுதினால், ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்று கேளுங்கள். லாம் இருந்தால் அது ஆகாது.

கேள்வி: தோழியின் தங்கைக்கு (19 வயது) திடீரென்று தூக்கம் போய், சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கத்தினாள். மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள், பிறகு மனநல மாத்திரை. அப்புறம் வலிப்பு வந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ரத்தத்தில் பார்த்தால் போதாதா? முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும் என்று பாட்டி விடமாட்டேன் என்கிறார்.
– வாசகி, தஞ்சாவூர்

பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள்: தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே முடிந்துவிடுகிறது. ஊசி போகிற இடம் அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளுக்கு நடுவே. அங்கே தண்டுவடமே இல்லை, நரம்பு இழைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், ஊசி வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். சிலருக்கு இரண்டு மூன்று நாள் தலைவலி இருக்கும். ஸ்கேன் பார்த்து, மூளையில் அழுத்தம் இல்லை என்று உறுதியான பிறகுதான் செய்வார்கள்.

அவர்கள் சந்தேகப்படுவது ஆன்டி என்.எம்.டி.ஏ. ரிசப்டர் என்செஃபலைட்டிஸ் என்ற மூளை அழற்சியாக இருக்கலாம். இதை 2007-ல் பிலடெல்பியாவில் இருந்த ஜோசப் டால்மாவ் குழு அடையாளம் கண்டது. 12 பெண்கள், எல்லோருக்கும் இதே மாதிரி மனநோய் அறிகுறிகள், பலருக்கு அது வலிப்பு, வாயைக் கோணுவது, மூச்சு நின்றுபோவது என்று போயிருந்தது. 11 பேருக்குச் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி, ஒருவருக்கு நெஞ்சுக்குள். அந்தக் கட்டியில் நரம்புத் திசுவும் இருக்கும். உடம்பு அதை எதிர்க்கப்போய் மூளையில் உள்ள அதே புரதத்தையும் தாக்குகிறது. கட்டியே இல்லாமலும் வரும், குழந்தைகளுக்கும் ஆண்களுக்கும் வரும்.

ரத்தம் ஏன் போதாது என்றால், இப்படித் தாக்குகிற ஆன்டிபாடியை ரத்தத்தில் மட்டும் பார்த்தால் சுமார் ஏழில் ஒருவருக்கு நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடுகிறது. முதுகுத் தண்ணீரில் அப்படித் தவறுவது மிக அரிது. எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்தால் ஏமாறாதீர்கள், இந்த நோயில் பலருக்கு நார்மலாகத்தான் இருக்கும். வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள், அது அந்தக் கட்டியைத் தேட.

தாமதம் செய்யாதீர்கள். 577 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2013-ல் வெளியான ஆய்வில், இரண்டு வருடத்தில் சுமார் 80 சதவீதம் பேர் நல்ல நிலைக்கு வந்திருந்தார்கள். சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம். மாதக்கணக்கில் படுக்கையில் இருந்த பெண் எழுந்து கல்லூரிக்குப் போவது இந்த நோயில் நடக்கிற விஷயம்தான். மந்திரித்ததால் கெட்டது ஒன்றுமில்லை, அதில் போன நாள்கள்தான் கெட்டது.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறார். எக்கோ நார்மல், நெஞ்சு எக்ஸ்ரே நார்மல். இதய டாக்டர் நுரையீரல் டாக்டரிடம் அனுப்புகிறார், அவர் இதய டாக்டரிடமே திருப்பி அனுப்புகிறார்.
– வாசகர், திருநெல்வேலி

மூன்றாவதாக ஒருவரைப் பாருங்கள், நரம்பியல் டாக்டரை. மூச்சு விட நுரையீரலும் இதயமும் மட்டும் போதாது, உதரவிதானம் என்ற தசை வேலை செய்ய வேண்டும். மயஸ்தீனியா, ஏ.எல்.எஸ்., பெரியவர்களுக்கு வருகிற போம்பே (Pompe) நோய் என்று தசைகள் தளர்கிற நோய்கள் இருக்கின்றன, இவற்றில் சிலருக்கு முதலில் தளர்வது அந்தத் தசைதான். காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது, குரல் மாறுவது, சாப்பிடும்போது புரையேறுவது, கண் இமை தொங்குவது இதில் எது இருந்தாலும் சொல்லுங்கள்.

ஸ்பைரோமெட்ரியை (குழாயில் ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்ப்பது) உட்காரவைத்து ஒரு தடவை, படுக்கவைத்து ஒரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்தவுடன் அளவு கால் பங்குக்கு மேல் குறைந்தால் உதரவிதானம் பலவீனம் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். செலவில்லாத பரிசோதனை, ஆனால் கேட்காவிட்டால் பெரும்பாலும் உட்காரவைத்து மட்டும்தான் எடுப்பார்கள். போம்பே நோய்க்கு வடிதாளில் காயவைத்த ரத்தத் துளி போதும், என்சைமை அளந்துவிடலாம். அதற்கு என்சைம் சிகிச்சை 2006 முதல் இருக்கிறது, விலைதான் தலை சுற்றும்.

வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி நீங்களாகவே வைத்துவிடாதீர்கள். தசை பலவீனத்தில் கரியமில வாயு உள்ளேயே தேங்கும், வெறும் ஆக்சிஜன் அதை மறைத்து இன்னும் மோசமாக்கலாம். இவருக்குத் தேவைப்படுவது, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பி மூச்சுக்குத் துணை செய்கிற பைபேப் மாஸ்க்காக இருக்கலாம். இரவில் மூச்சு முட்டல் கூடினாலோ முழு வாக்கியம் பேச முடியாமல் போனாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள்.

கேள்வி: மகனுக்கு நடை தள்ளாடுகிறது. மரபணுப் பரிசோதனை (எக்ஸோம்) செய்தோம், ரிப்போர்ட்டில் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று போட்டிருக்கிறது. நானும் மனைவியும் மாமன் மகள், அத்தை மகன். பணம் வீணா?
– வாசகர், தர்மபுரி

வீணில்லை, பாதி வழியில் நிற்கிறது. ஒரு மரபணுவில் எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அந்த மாற்றம் நோயைத் தருமா அல்லது சும்மா உடன் வந்ததா என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்று அர்த்தம். அந்த வரியை வைத்து யாரும் உங்களுக்கு மருந்தோ, அடுத்த குழந்தை வேண்டாம் என்ற யோசனையோ சொல்லக்கூடாது.

முடிவு தெரியாமல் போவது சகஜம். பிரிட்டனின் ஒரு லட்சம் மரபணுத் திட்டத்தில், முதல் கட்டமாக 2,183 குடும்பங்களின் முழு மரபணுவையும் படித்து 2021-ல் வெளியிட்டார்கள். நோயாளிகளில் 25 சதவீதம் பேருக்குத்தான் நோயின் பெயர் கிடைத்தது. நமக்குக் கூடுதல் சிக்கல், ஒப்பிட்டுப் பார்க்கிற தகவல் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது. நம் ஊரில் ஒரு சமூகத்தில் சகஜமாக இருக்கிற மாற்றம் அதில் அபூர்வமாகத் தெரியும். 10,000 இந்தியர்களின் மரபணுவைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கும்.

உங்கள் இருவரின் ரத்தத்தையும் கொடுத்துப் பாருங்கள். சொந்தத்தில் திருமணம் என்பதால், ஒரே பழுது இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்து மகனிடம் இரட்டையாகச் சேர்ந்திருக்கிறதா என்று தெரியும். ரிப்போர்ட் மட்டும் போதாது, மூலத் தகவல் கோப்பையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓரிரு வருடம் கழித்து அதையே மறுபடி அலசச் சொல்லலாம். புதிதாக ரத்தம் எடுக்காமலே அப்போது பதில் கிடைப்பவர்கள் இருக்கிறார்கள். அரசின் 2021 அபூர்வ நோய்க் கொள்கையில் சிறப்பு மையங்கள் உண்டு, உங்களுக்குப் பக்கம் பெங்களூருவில் உள்ள சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனிடிக்ஸ். பட்டியலில் உள்ள நோயாக இருந்தால் 50 லட்சம் வரை உதவிக்கு வழியிருக்கிறது, ஆனால் நோயின் பெயர் உறுதியாக வேண்டும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம்: மகனின் ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கிற புரதம்) அளவு பார்த்தார்களா, கண் டாக்டர் விளக்கு வைத்து கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று பார்த்தாரா? வில்சன் நோய் என்று ஒன்று, உடம்பில் செம்பு தேங்குவது. மாத்திரையால் கட்டுப்படுத்தக்கூடிய நோய். எக்ஸோமுக்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது.

கேள்வி: தம்பிக்குத் தசை நோய். ஒரு இடத்தில் "ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் சேர்க்கிறோம்" என்று சொல்லி மூன்று லட்சம் கேட்கிறார்கள். சேரலாமா?
– பெயர் வேண்டாம் என்றவர், கோவை

வேண்டாம். ஆராய்ச்சி என்றால் ஆராய்ச்சி மருந்துக்கும் அதற்கான பரிசோதனைக்கும் நோயாளி பணம் கட்டுவதில்லை. நரம்பு, தசை நோய்களுக்கு ஸ்டெம் செல் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது, அதைச் சிகிச்சையாக விற்கக் கூடாது என்று ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலில் எழுதியே வைத்திருக்கிறது.

நிஜமான ஆய்வில் சேர விருப்பம் இருந்தால் தயங்காமல் சேருங்கள், தம்பி போன்றவர்கள் சேராவிட்டால் இந்த நோய்களுக்கு மருந்தே வராது. மருந்து ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருந்து ஆய்வுப் பதிவேடு) பதிவு எண் இருக்க வேண்டும், 2009 ஜூன் முதல் கட்டாயம். எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் போட்டுப் பாருங்கள், எந்த ஆஸ்பத்திரி, எந்த மருந்து, எத்தனை பேர் என்று வரும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். "இப்போதே கையெழுத்துப் போடுங்க, சீட் முடிஞ்சிடும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.